டார்பி குடும்பத்தாரும் கோல்புரூக்டேல் இரும்பாலையும்

இங்கிலாந்து தேசத்தின் கைத்தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவற்றிலும் யந்திரங்களின் பெருமையே மிகுதியாகப் பேசப்படுகின்றது. நீராவிப் பொறியைத் திருத்தியவர் இன்னார், நூல் நூற்கும் பொறியைக் கண்டவர் இன்னார் என்று பள்ளிச் சிறுவரும் ஒப்பிப்பர். அத்தொழில்களை வழிவழியாக நடத்திய குடும்பங்களின் உள்வரலாறோ அத்துணைப் பரவவில்லை. நம் சங்கத்தாருள் குடும்பத் தொழில் நடத்துவோர் பலராதலின், அவர்க்கு இவ்வுள்வரலாறே பெரிதும் பயன்படத்தக்கது. அவ்வகையில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவில், ஸெவர்ன் நதியை அடுத்த கோல்புரூக்டேல் என்னும் பள்ளத்தாக்கில் டார்பி குடும்பத்தார் நடத்திய இரும்பாலையின் சரித்திரத்தை இங்கே எழுதப் புகுகின்றோம்.

இவ்வாலையில் 1709ஆம் ஆண்டில் மூட்டிய தீயினின்றே நிலக்கரிகொண்டு இரும்புருக்கும் தொழில் நிலைபெற்றது என்பதைப் படித்தோர் அறிவர். அதனினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. மும்முறை இவ்வாலை தன் தலைவரை இழந்தது. மும்முறையும் அவர் விட்டுச் சென்ற ஆண்மக்கள் சிறுவர்களே. தந்தையின் கையிலிருந்து மகன் கைக்கு நேரே சாவி மாறியது அவருள் ஒருவர் காலத்தும் இல்லை. அங்ஙனமிருந்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவ்வுலை அவியாது நின்றது. இடையில் அதனைத் தாங்கியவர் யாவர் என்பதே நாம் பார்க்க வேண்டுவது.

டார்பி குடும்பத்தார் 'குவேக்கர்' என்னும் சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவர். 17ஆம் நூற்றாண்டின் இடையில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் முயற்சியால் தோன்றிய அக்கூட்டத்தார் தம்மை 'நண்பர்' என்றே அழைத்துக்கொள்வர். அவர்களுக்குக் குருமார் இல்லை, சடங்கு இல்லை, ஆணும் பெண்ணும் ஒருங்கே மௌனமாக அமர்ந்திருப்பர், உள்ளுணர்வு தூண்டியவர் எழுந்து பேசுவர், அதுவே வழிபாடு. நீதிமன்றத்திலும் சத்தியம் செய்ய மறுப்பர், அரசாங்கத் திருச்சபைக்குத் தசமபாகம் கொடார், போர் செய்யார், பிரபுக்கள் முன்னும் தொப்பியைக் கழற்றார். இக்காரணங்களால் சர்க்கார் உத்தியோகமும், ஆக்ஸ்போர்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளின் பட்டமும் அவர்களுக்கு எட்டாதனவாயின. எஞ்சியவை தொழிலும் வாணிகமுமே. மாதந்தோறும் கூடும் அவர்கள் சபை, அங்கத்தினர் ஒவ்வொருவருடைய ஒழுக்கத்தையும் கொடுக்கல் வாங்கலையும் விசாரிக்கும். கடனடைக்காது முறிந்தவரை நீக்கும். கூட்டத்திற்குப் புறம்பே மணந்தவரையும் நீக்கும். இக்கட்டுப்பாடு சில வேளைகளிற் கொடிதாயிருந்ததென்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நகரத்துக் குவேக்கர் வியாபாரியின் சொல்லை நம்பி மறுநகரத்துக் குவேக்கர் பெருந்தொகை கொடுத்துதவியதும் இக்கட்டுப்பாட்டின் பயனே.

முதலாம் ஆபிரகாம் டார்பி 1678இல் டட்லி என்னும் ஊருக்கருகிற் பிறந்தவர். அவர் தந்தையார் பூட்டுச் செய்பவர். சிறிது நிலமும் வைத்து உழுதவர். நிலக்கரியால் இரும்புருக்கிக் காட்டினேன் என்று 1665இல் நூல் எழுதி வெளியிட்ட டட் டட்லி என்பவர், ஆபிரகாமின் பூட்டியாருடைய உடன்பிறந்தவர். அவ்வுறவினால் ஏதேனும் இரகசியம் வழிவழி வந்ததோ என்று சிலர் ஆராய்வர். எமக்கு அது வேண்டாத ஆராய்ச்சியாகத் தோன்றுகின்றது. ஏனெனில் அவர் கற்றுக்கொண்ட இடம் வேறாகக் கண்கூடாயிருக்கின்றது. பர்மிங்காம் நகரத்தில் மால்ட் அரைக்கும் ஆலைகளைச் செய்யும் ஒரு குவேக்கரிடம் அவர் தொழில் பழக விடப்பட்டார். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. ஏல் என்னும் மது இதிலிருந்தே காய்ச்சப்படும். பச்சை நிலக்கரியின் புகையில் இதனை உலர்த்தினால் மதுவில் நாற்றம் ஏறும். ஆதலால் மால்ட் உலர்த்துவோர் நிலக்கரியை முன்னரே மூட்டம் போட்டுச் சுட்டு, அதிலுள்ள புகையையும் கந்தகத்தையும் போக்கிக் 'கோக்கு' ஆக்கி எரித்து வந்தனர். இரும்பாலைக்காரர் அறியாத இச்செய்தியை மால்ட் ஆலையிற் பழகிய இளைஞர் நாடோறும் கண்ணாரக் கண்டிருந்தார்.

1699இல் அவர் பிரிஸ்டல் துறைமுகத்திற் குடியேறிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னர் வேறு சில குவேக்கரோடு கூடிப் பித்தளை ஆலை ஒன்று வைத்தார்; அதற்கு வேண்டும் வேலைக்காரரைத் தேடி ஒல்லாந்து தேசத்திற்கும் சென்று வந்தார். அக்காலத்தில் ஏழை மக்கள் சமைக்கும் வயிறகன்ற குண்டான்களை மெல்லியதாகவும் மலிவாகவும் இரும்பில் வார்க்க இயலாதிருந்தது. களிமண் கருவில் வார்த்தால் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் புதுக்கரு வேண்டும். வேலையும் மிகுதி, விலையும் மிகுதி. மணற்கருவில் வார்க்கலாமா என்று ஆபிரகாம் முயன்றார். பன்முறை தவறிய பின், அவரிடம் வேலை பழகிவந்த ஜான் தாமஸ் என்னும் வேல்ஸ் தேசத்துப் பையன் தவறு இருக்குமிடத்தைக் கண்டு சொன்னான் என்பதும், பிறகு இருவரும் அறைக் கதவைத் தாழிட்டுச் சாவித் துவாரத்தையும் அடைத்து வேலை செய்தனர் என்பதும் தாமஸ் குடும்பத்தார் வழியாக வந்த செய்தி. 1707இல் அம்முறைக்கு அரசாங்கப் பேடண்டு உரிமை கிடைத்தது. தாமஸின் வழியினர் டார்பி குடும்பத்தாரிடமே தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்து வந்தனர்.

பித்தளை ஆலையின் பங்காளிகள் இரும்பில் முதல் போட இசையாமையால், ஆபிரகாம் தம் பங்கைப் பிரித்துக்கொண்டு 1708இல் கோல்புரூக்டேலில் பாழ்பட்டுக் கிடந்த ஓர் ஊதுலையைக் குத்தகைக்கு எடுத்தார். வெள்ளத்தால் உடைந்து சில ஆண்டு அவிந்து கிடந்த பழைய உலை அது. ஆனால் இடம் வாய்ப்பானது. இரும்புத்தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே மலைச்சரிவில் அகப்படும்; துருத்தியின் சக்கரத்தைச் சுழற்ற ஓடை நீர் உண்டு; வார்த்த பொருளைப் பிரிஸ்டலுக்குக் கொண்டுபோக ஸெவர்ன் நதியிற் படகுகள் உண்டு. 1709 ஜனவரி 10ஆம் நாள் அவர் உலையில் ஊதத் தொடங்கினார். மரக்கரிக்குப் பதிலாகக் கோக்கையே இட்டார். அப்பக்கத்து நிலக்கரியிற் கந்தகம் குறைவு என்பது அவருடைய நல்லூழ். வேறு ஜில்லாவில் இம்முயற்சி செய்திருப்பின் கந்தகம் புகுந்து இரும்பு கெட்டிருக்கக்கூடும்.

கோக்கு உலையின் உயர்ந்த வெப்பத்தில் உருகிய இரும்பு நீர்போல் இளகி மணற்கருவின் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்தது. ஆதலின் மெல்லிய குண்டான் வார்ப்பதற்கு அது மிகப் பொருந்தியது. ஆனால் கருமார் உலையிற் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நீட்டும் தேனிரும்பாக அதனை மாற்றினால் உடைந்துபோயிற்று. லாடம், ஆணி, கொழு, கத்தி எல்லாம் தேனிரும்பால் ஆகவேண்டியிருத்தலின், பிற ஆலைக்காரர் இன்னும் ஒரு தலைமுறைக்கு மேலாக மரக்கரியையே நம்பியிருந்தனர். இச்செய்தியைப் பல சுருக்க நூல்கள் விட்டுவிட்டு, 1709இலேயே இங்கிலாந்து முழுதும் நிலக்கரிக்கு மாறியதுபோல் எழுதுகின்றன. அது பிழை.

ஆபிரகாம் 1717இல், நாற்பது வயது நிறையுமுன், காலஞ்சென்றார். மரண சாஸனம் எழுதவில்லை. அவர் தமக்கெனக் கட்டிவந்த வீட்டிற் குடிபுகவும் இல்லை. மனைவி மேரி அம்மையாரும் சிறிது காலத்தில் அவரைத் தொடர்ந்து மறைந்தார். மூத்த குமாரர் இரண்டாம் ஆபிரகாமுக்கு அப்போது ஆறு வயது. ஆலையின் பங்குகளோ பிரிஸ்டல் நகரத்துத் தாமஸ் கோல்ட்னி என்னும் குவேக்கர் வியாபாரியிடம் அடைமானமாயிருந்தன. இந்தக் கோல்ட்னியைப் பற்றி ஒன்று சொல்லாமற் போவதற்கில்லை. போரை வெறுக்கும் சமயத்தினராயினும், ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையிடப் புறப்பட்ட வூட்ஸ் ராஜர்ஸ் என்னும் தளபதியின் பிரயாணத்திற்குப் பெரும்பகுதி முதல் கொடுத்தவர் அவரே. தன்னந்தனியாக ஒரு தீவிற் கிடந்த அலெக்ஸாண்டர் ஸெல்கிர்க் என்னும் மாலுமியை 1709 பிப்ரவரியில் மீட்டு வந்தது அப்பிரயாணமே. ராபின்ஸன் குரூஸோ கதைக்கு அம்மாலுமியின் வரலாறு ஒரு தூண்டுதலாயிற்று என்பர். கோல்புரூக்டேலில் உலை மூட்டியதற்கு அடுத்த மாதம் அது.

அனாதைகளான குழந்தைகளுக்கு ஆலை முழுதும் அற்றுப்போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆலையில் கணக்கராயிருந்து ஆபிரகாமின் மூத்த மகளை மணந்த ரிச்சர்ட் போர்டு என்பவர் நிர்வாகத்தை ஏற்று நடத்தினார். மேரி அம்மையாரின் சகோதரர் ஜோஷுவா ஸார்ஜெண்டு, குழந்தைகளின் பொருட்டுச் சில பங்குகளை மீட்டு வாங்கி வைத்தார். கோல்ட்னி குடும்பத்தாரும் தமக்கு வேண்டிய லாபத்தை எடுத்துக்கொண்டனரேயன்றிக் குழந்தைகளை வெளியேற்றவில்லை. இதனைப் பெருந்தருமம் என்று யாம் புகழ மாட்டோம். பங்கில் பெரும்பகுதி டார்பி குடும்பத்தை விட்டுப் போனதும் உண்மையே. ஆனால் ஆறு வயதுச் சிறுவன் வளர்ந்து வந்து நிற்பதற்கு ஓரிடம் மிச்சமிருந்தது. அவன் தன் பதினேழாம் வயதில், 1728இல், ஆலையில் வேலைக்கு வந்து சேர்ந்தான்.

போர்டு நிர்வாகத்திலும் அவருக்குப் பின்னும் குண்டான்களேயன்றி வேறொன்றும் ஆலைக்குப் பெயர் தந்தது. சுரங்கங்களில் நீர் இறைப்பதற்கு நியூகோமன் என்பவர் அமைத்த நீராவிப் பொறியில் பெரிய உருளை ஒன்று வேண்டும். முதலில் அதனைப் பித்தளையில் வார்த்து வந்தனர், விலை மிகுதி. 1720களிலிருந்து கோல்புரூக்டேலில் அது இரும்பில் வார்க்கப்பட்டது. விலை தணியவே பொறிகள் பரவின. ஆலைக்கே அப்பொறி உதவியதும் உண்டு. கோடையில் ஓடை வற்றித் துருத்தி நின்றுவிடும். முதலிற் குதிரைகளைக் கொண்டும், 1743 முதல் நீராவிப் பொறியைக் கொண்டும், சக்கரத்தைச் சுழற்றி விழுந்த நீரையே மீண்டும் மேற்குளத்திற்கு ஏற்றினர். ஒரே நீர் ஓயாது சுற்றிவரலாயிற்று.

இரண்டாம் ஆபிரகாம் அடக்கமே உருவானவர். தந்தையார் விட்டுச் சென்ற குறை, கோக்கு இரும்பு தேனிரும்பாகாமையே என்பதை அறிந்து பல்லாண்டு முயன்றார். 1750களில் ஹார்ஸ்ஹே, கெட்லி என்னும் இடங்களிற் புதிய உலைகள் எழுந்தன. ஒரு சமயம் ஆறு இரவும் ஆறு பகலும் உலையருகை விட்டு நீங்காதிருந்து, வேலை முடிந்ததும் அங்கேயே உறங்கிவிட்டார், ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் வீட்டிற் சேர்த்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அவருடைய இரும்பு தேறிய விதத்தை அவர் மனைவி அபையா அம்மையார் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் விவரமாக எழுதி வைத்தார். நிலக்கரி இரும்பு என்று கேட்டாலே கருமார் முகம் சுளிப்பராதலால், எங்கிருந்து வந்தது, எவ்வகையது என்று சொல்லாமலே தம் இரும்பைப் பட்டறைகளுக்கு அனுப்பிச் சோதிக்கச் செய்தாராம். நன்றென்று சொல்லிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. எட்வர்டு நைட் என்னும் பெரிய ஆலைக்காரர் இதற்குப் பேடண்டு உரிமை பெறுமாறு வற்புறுத்தினார். இத்தகையதோர் ஆக்கத்தைப் பொதுமக்களுக்கு மறுக்க மாட்டேன் என்று ஆபிரகாம் மறுத்துவிட்டார். தந்தையார் குண்டானுக்கு உரிமை பெற்றார். மகனார் அதனினும் ஆயிரம் மடங்கு பெரியதற்கு உரிமை வேண்டாமென்றார். தந்தையார் பிழைக்க வேண்டிய நிலையிலிருந்தார் என்பதையும் மறத்தலாகாது. அபையா அம்மையார் குவேக்கர் சபைகளில் எழுந்து பேசும் உபதேசியாய் ஊரூராகச் சென்றவர். அவர் கடிதம் எழுதாதிருந்தால் இவ்வாலையின் முற்பகுதி வரலாறு பெரும்பாலும் மறைந்தே போயிருக்கும்.

1763இல் இரண்டாம் ஆபிரகாமும் மறைந்தார். அவர் குமாரர் மூன்றாம் ஆபிரகாமுக்கு வயது பதின்மூன்று நிறையவில்லை. இம்முறையும் தாங்கியவர் ஒரு மருமகரே. மூத்த தாரத்து மகள் ஹன்னாவை மணந்த ரிச்சர்ட் ரெனால்ட்ஸ் ஐந்தாண்டுக் காலம் ஆலையைப் பொறுப்பேற்று நடத்தினார். அவர் காலத்தில், 1767இல், கரிவண்டிகள் ஓடும் மரத் தண்டவாளங்களின்மேல் வார்ப்பிரும்புத் தகடுகள் பதிக்கப்பட்டன. இரும்பு விலை இறங்கியிருந்த சமயம் அது; விற்காத இரும்பை வீணே குவித்து வைப்பதினும் பாதையில் இட்டு வைப்போம், விலை ஏறினால் பெயர்த்து விற்கலாம் என்பதே கருத்து என்பர். பெயர்க்க வேண்டி வரவில்லை. தண்டவாளம் என்பது உலகத்தில் அன்றுமுதல் இரும்பாயிற்று.

ரெனால்ட்ஸைப் பற்றி மற்றொன்று. போர்டும் கோல்ட்னியும் நடத்திய நாளில், 1740களில், இவ்வாலையிற் பீரங்கிகளும் வார்க்கப்பட்டன. குவேக்கர் புகழ் பாடும் நூல்கள் சில இதனை மறைக்கின்றன. ரெனால்ட்ஸ் தம் நிர்வாகத்தில் பீரங்கி வார்ப்பதில்லையென்று உறுதியாய் நின்றார். போர்க்காலத்தில் அதனால் இழந்த லாபம் சிறிதன்று. அவர் தேடிய பொருளில் பெரும்பகுதியை முதுமையிற் பிரிஸ்டல் நகரத்து ஏழைகளுக்குத் தம் பெயர் வெளிப்படாமல் வழங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடும்பத்தோடு உலாவ மலைமேற் பாதைகள் அமைத்துக் கொடுத்தவரும் அவரே.

மூன்றாம் ஆபிரகாம் 1768இல், பதினெட்டு வயதில், நிர்வாகத்தை ஏற்றார். அவருடைய பெயரை இன்றளவும் நிறுத்துவது ஸெவர்ன் நதியின்மேல் நிற்கும் இரும்புப் பாலம். அந்நதி அவ்விடத்து ஆழ்ந்த பள்ளத்தில் ஓடுகின்றது. ஓடத்திற் கடப்பதே வழக்கம். மாரிக்காலத்தில் ஓடம் கவிழ்வதும் உண்டு. ஷ்ரூஸ்பரி நகரத்துச் சிற்பி தாமஸ் பிரிச்சர்ட் 1773இல் ஓர் இரும்புப் பாலம் கட்டலாமென்று பக்கத்து இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்ஸனுக்கு எழுதினார். உலகில் அதற்கு முன் அத்துணைப் பெரிய இரும்புப் பாலம் கட்டப்பட்டதில்லை. பங்கு சேர்த்தனர், 1776இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1777இல் பிரிச்சர்ட் இறந்தார். வில்கின்ஸன் தம் பங்கை விற்றுவிட்டார். செலவு மதிப்பிட்ட 3,200 பவுன் அளவிற்கு மேற்சென்றால் அதனைத் தாமே பொறுப்பதாக ஆபிரகாம் உடன்பட்டிருந்தார்.

பாலத்தின் விலாக்களை வார்ப்பதற்காகப் பாட்டனாரின் பழைய உலையை 1777இல் பெரிதாக்கிக் கட்டினார். 1779ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் பெரிய விலாக்கள் நதிக்குக் குறுக்கே தூக்கி நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 அடி நீளம். நிறை 5 டன்னுக்கு மேல். நதியில் படகுப் போக்குவரத்துக்குப் பெரிய தடை நேராமலே இவ்வேலை முடிந்ததாம். எவ்வாறு தூக்கினர் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. ஸ்வீடன் தேசத்து ஓவியர் எலியாஸ் மார்ட்டின் அவ்வேலையை நேரிற் கண்டு வரைந்த சிறு சித்திரம் ஒன்று 1997இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் அகப்பட்ட பின்னரே மரச்சாரத்தின் அமைப்புத் தெளிவாயிற்று. பாலத்தின் இடைவெளி 100 அடி 6 அங்குலம். அதில் உள்ள இரும்பு 378 டன். வார்ப்புத் துண்டுகள் 1,700க்கு மேற்பட்டன.

இப்பாலத்தைப் பற்றி எமக்கு மிகவும் பிடித்த செய்தி அதன் மூட்டுகள். இரும்பைப் பாலமாக மூட்டிப் பழகியவர் அந்நாளில் யாரும் இல்லை. ஆதலால் தச்சர் மரத்தை மூட்டும் முறையையே கைக்கொண்டனர். துளையும் நாக்கும், ஆப்பும், புறாவால் மூட்டும் எல்லாம் இரும்பிலே வார்த்துச் செருகப்பட்டன. புதுப்பொருளைக் கையிலெடுத்த பழைய கைகளின் சாயல் அதிற் காணப்படுகின்றது. வேண்டியதினும் இரும்பு மிகையாகவே இடப்பட்டது. தெல்போர்டு என்னும் சிற்பி 1796இல் சற்று மேலே பில்ட்வாஸ் என்னுமிடத்தில் 130 அடி இடைவெளியுள்ள பாலத்தை 173 டன் இரும்பிலேயே அமைத்தார். அதற்கும் வார்ப்பு கோல்புரூக்டேலினதே. ஆயினும் 1795 பிப்ரவரியில் ஸெவர்ன் நதி பெருவெள்ளம் கொண்டு பாலங்கள் பலவற்றை உடைத்தெறிந்தபோது, டார்பி பாலம் அசையாது நின்றது.

பாலம் 1781 ஜனவரி முதல் நாள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதில் மாட்டிய சுங்கப் பலகையில், போர்வீரரும் அரச குடும்பத்தாரும்கூடச் சுங்கம் செலுத்தியே கடக்க வேண்டுமென்று எழுதப்பட்டிருக்கின்றது. பிரபுவுக்குத் தொப்பி கழற்றாத கூட்டத்தார் வார்த்த பாலத்திற்கு இது பொருத்தமானதே. பாலத்தைக் காண ஓவியரும் யாத்திரிகரும் திரண்டனர்; ஓர் ஊரே அதன் பெயரால் எழுந்தது. ஆனால் செலவு 6,000 பவுனைக் கடந்துவிட்டது என்பர். மூன்றாம் ஆபிரகாம் தம் நிலபுலங்களை அடைமானம் வைத்தார். வாழ்நாள் முழுதும் அக்கடன் அவரை விட்டு நீங்கவில்லை. இதற்கிடையிலும் பஞ்சகாலத்தில் தம் தொழிலாளர்க்குத் தானியம் விளைவிக்கப் பண்ணைகள் வாங்கினார். 1789இல் விஷக்காய்ச்சல் கண்டு, தம் பாட்டனாரைப் போலவே நாற்பது நிறையுமுன் இறந்தார். அவர் மக்களும் சிறுவர்.

இம்முறை தாங்கியவர் பெண்கள். மூன்றாம் ஆபிரகாமின் மனைவி ரெபெக்கா, சகோதரி ஸாரா, தம்பி ஸாமுவேலின் மனைவி டெபோரா ஆகிய மூவரும் பங்குதாரராய் ஆலையின் காரியங்களை நடத்தினர். கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பதும், கடன்காரருக்கு விடையிறுப்பதும், குழந்தைகளின் பங்கைக் காப்பதும் அவர்கள் பொறுப்பாயின. அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தின்படி கணவனுள்ள பெண்ணுக்குத் தன் பெயராற் சொத்து வைத்திருப்பதே அரிது. குவேக்கர் சபையில் பெண்கள் எழுந்து பேசவும் தனிக்கூட்டம் நடத்திக் கணக்கு வைக்கவும் பழகியிருந்தமையே இவர்களுக்கு உதவியது என்பது எம் கருத்து. இவருள் டெபோரா அம்மையார் அமெரிக்காவிற்கும் சென்று உபதேசித்து வந்தவர். 1798இல் கோல்புரூக்டேலுக்கு வந்த எலிஸபெத் கர்னி என்னும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம், நீ துன்புறுவோர்க்குத் துணையாவாய் என்னும் கருத்துப்பட அவர் பேசினாராம். அப்பெண்ணே பின்னர் எலிஸபெத் பிரை என்னும் பெயரோடு சிறைச்சாலைகளிற் கிடந்த பெண்களின் துயரைப் போக்கியவர்.

இவ்விடத்தே முன்னர்க் கூறிய வில்கின்ஸனின் குடும்பத்தையும் ஒருவாறு நோக்குவோம். பீரங்கி துளைப்பதிலும், வாட் என்பவரின் நீராவிப் பொறிக்குத் திருத்தமான உருளை செய்வதிலும் அவருக்கு ஒப்பார் இல்லை. செல்வத்தில் டார்பி குடும்பத்தாரினும் மிக்கவர். தம்மை இரும்புப் பெட்டியில் அடக்கம் செய்யவேண்டுமென்று ஏற்பாடு செய்துகொண்டவர். ஆனால் தம்பியோடு மூண்ட பகையினால் பெர்ஷாம் ஆலை 1790களில் வழக்கிற்பட்டுச் சிதைந்தது. 1808இல் அவர் இறந்த பின், மக்களுக்கும் மருமகனுக்கும் இடையே நியாயஸ்தலத்தில் வழக்கு நீண்டு, 1828 அளவில் அப்பெருஞ்செல்வம் கரைந்தொழிந்தது. அறிவிலும் துணிவிலும் குறைவில்லை. இடையில் நின்று தாங்குவோர் இல்லை.

டார்பி ஆலைக்கு நான்காம் முறையும் அதே சோதனை வந்தது. ஸாமுவேல், டெபோராவின் குமாரர் எட்மண்டு இளமையிலேயே திறமையாக நடத்திவருகையில் 1810இல், முப்பது வயதுக்குள், இறந்தார். அவருடைய மகன் நான்காம் ஆபிரகாமுக்கு ஆறு வயது. நெப்போலியன் போர் ஓய்ந்தபின் இரும்பு விலை வீழ்ந்தது. 1818 வாக்கில் பழைய உலை அவிந்தது. வார்ப்புப் பட்டறை மட்டும் நடந்தது. அப்பக்கத்துக் கரிச்சுரங்கத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்து 1821இல் கிளர்ந்தபோது குதிரைப்படை வந்து சுட்டு இருவர் மாண்டனர், ஒருவர் தூக்கிலிடப்பட்டார். உலைகளின் செந்தீயை இரவு வானத்தில் வரைந்த லூதர்பர்க்கின் 1801ஆம் ஆண்டுச் சித்திரம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அத்தீயினடியில் வாழ்ந்தவர்க்குப் புகையும் குறைந்த ஆயுளும் வாய்த்தன என்பதையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

1830 முதல் நான்காம் ஆபிரகாமும் தம்பி ஆல்பிரெட்டும் ஆலையை மீண்டும் பெருக்கினர். அழகிய வார்ப்பு வேலைகளில் கோல்புரூக்டேலின் பெயர் பரவியது. 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் வைத்த அதன் பெரிய இரும்பு வாயிற்கதவுகள் இன்றும் அந்நகரத்துக் கென்ஸிங்டன் தோட்டத்தில் நிற்கின்றன. ஆனால் இச்சகோதரர் குவேக்கர் கூட்டத்தை விட்டு அரசாங்கத் திருச்சபையிற் சேர்ந்தனர். பள்ளத்தாக்கின் மேட்டில் 1850களில் ஒரு பெரிய கோவிலும் கட்டுவித்தனர். ஆபிரகாம் ஊரை விட்டு அகன்றார். நிர்வாகம் சம்பள மானேஜர்களிடம் சென்றது. 1881இல் ஆலை லிமிடெட் கம்பெனியாயிற்று. ஆல்பிரெட்டின் குமாரர் 1886 முதல் 1925 வரை அதன் தலைவராயிருந்தார். 1929இல் அது அல்லைடு அயன்பவுண்டர்ஸ் என்னும் கூட்டுக் கம்பெனியோடு கலந்தது. பிற்காலத்தில் ஆகா அடுப்புகளின் வார்ப்பு அங்கே நடந்துவந்தது.

பாலத்தில் 1934இல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 1950இல் சுங்கமும் நின்றது. 1959இல் மண் மூடிக்கிடந்த பழைய உலையைத் தோண்டி எடுத்து ஒரு காட்சிசாலை அமைத்தனர். 1986இல் அப்பள்ளத்தாக்கு முழுதும் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்கப்பட்டது. டார்பி வழியில் வந்த ரேச்சல் லபூஷேர் சீமாட்டி, அபையா, டெபோரா என்னும் இரு அம்மையாரின் குறிப்புகளைத் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். வார்ப்புப் பட்டறை 2017 நவம்பர் மாதத்தில் மூடப்பட்டது. பழைய உலை ஒரு கண்ணாடிக் கூரையின்கீழ்க் குளிர்ந்து நிற்கின்றது. அதன் வாயின் மேலுள்ள இரும்பு விட்டத்தில் ஆபிரகாம் டார்பி, 1777 என்று பொறித்திருக்கின்றது. அதற்குக் கீழே, அவருக்கு முன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வுலையை வைத்திருந்தவர் காலத்து விட்டங்களும் எடுக்கப்படாமல் அங்கேயே இருக்கின்றன.